புலம்பெயர்ந்து மறைந்த ஈரானிய அறிஞருக்கு நினைவுக் கூட்டம் நடத்துவது எப்படி

ஈரானை விட்டு வெளியேறி, டொராண்டோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே, தன் நாட்டில் ஜனநாயகம் வர வேண்டும் என்று கடைசிவரை எழுதியவர் ஒருவர் காலமாகிறார். நினைவுக் கூட்டப் பொறுப்பு குடும்பத்தோடு நிற்பதில்லை. துறை சகாக்கள், மாணவர்கள், கூடப் போராடியவர்கள் எல்லாரும் கை கொடுக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. மண்டபம் பிடிப்பதும் நாற்காலி போடுவதும் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். இங்கே சொல்வது ஈரானியக் கூட்டத்துக்கே உரிய விஷயங்களை. அவற்றில் முதலாவது பாதுகாப்பு. மேடையில் யாரோ யோசிக்காமல் சொன்ன வார்த்தைக்கு ஈரானில் இருக்கும் அவர் தங்கையை விசாரணைக்குக் கூப்பிடலாம். எந்த ஏற்பாட்டைச் செய்யும்போதும் அந்தத் தங்கையை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

குடும்பத்திடம் கேட்க வேண்டியவை

துக்கம் விசாரிக்கும் முதல் அழைப்பிலேயே பட்டியலை நீட்ட வேண்டாம். மறுநாள், முடிவெடுக்கும் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். பொது அறிவிப்பு போடலாமா, எந்தப் பெயரில்? ஈரானுக்குள் இருக்கும் உறவினர்கள் தனியாக அஞ்சலி நடத்துகிறார்களா, எந்த நாளில்? மதச் சடங்கு வேண்டுமா? யாரைப் பேச அழைக்கக் கூடாது? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குவார்கள். கேட்காமல் விட்டால் மேடையில்தான் பதில் கிடைக்கும்.

ஈரானுக்குள் அஞ்சலி ஏற்பாடாகியிருந்தால், அது முடியும்வரை வெளிநாட்டு அறிவிப்பை நிறுத்தி வையுங்கள். வெளியே அரசியல் வாசகங்களோடு சுவரொட்டி பரவினால், உள்ளே மசூதியோ மண்டபமோ திடீரென்று கிடைக்காமல் போகலாம். இரண்டு மூன்று நாள் பொறுப்பதால் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

மதம் பற்றி எதையும் ஊகிக்காதீர்கள். ஈரானியர் என்றாலே ஷியா முஸ்லிம் என்று முடிவுகட்டி ஃபாத்திஹா ஓத ஏற்பாடு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. இறந்தவர் சுன்னி குர்தாக, யூதராக, பஹாயாக, ஜொராஸ்டிரியராக, மதமே வேண்டாம் என்றவராக இருக்கலாம். துக்க நாட்களும் அதற்கேற்ப மாறும். பொதுவான ஈரானிய வழக்கில் 3, 7, 40, ஆண்டு நிறைவு. ஜொராஸ்டிரியர்களுக்கு 4, 10, 30-ஆம் நாட்களும் உண்டு. யூதர்களுக்கு 7, 30, ஆண்டு.

நாற்பதாம் நாள்

துறை சார்பில் கூட்டம் நடத்த 40-ஆம் நாளை ஒட்டிய வார இறுதிதான் பொருத்தம். ஏழாம் நாளை வீட்டாருக்கு விட்டுவிடுங்கள். தேதியைக் கணக்கிடும்போது இறந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம் வரும். 1978 ஜனவரி 9 அன்று கும் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் நாற்பதாம் நாளை தப்ரீஸ் மக்கள் பிப்ரவரி 18 அன்று அனுசரித்தார்கள். 2022 செப்டம்பர் 16 அன்று காவலில் இறந்த இளம்பெண் மஹ்சா அமினிக்கு நாற்பதாம் நாள் அக்டோபர் 26. இரண்டிலுமே இறந்த நாளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்கள். அப்படியே எண்ணுங்கள், குடும்பம் வேறு மாதிரி எண்ணினால் அவர்கள் கணக்கே கணக்கு.

இந்த இரண்டு தேதிகளுமே நாற்பதாம் நாளுக்கு ஈரானியர் மனதில் உள்ள கனத்தைச் சொல்லும். தப்ரீஸில் அன்று கிளம்பிய போராட்டத்தில் இறந்தவர்களுக்கு மார்ச் இறுதியில் யஸ்த் முதலான ஊர்கள் திரண்டன. நாற்பது நாளுக்கு ஒருமுறை துக்கமே ஊர்வலமாகி மன்னர் ஷாவின் ஆட்சியை உலுக்கியது. 2022-இல் சாலைகள் மறிக்கப்பட்டும் ஆயிரக்கணக்கானோர் அமினி அடக்கம் செய்யப்பட்ட, சக்கெஸ் நகரின் ஐச்சி கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போனார்கள். ஜனநாயகத்துக்காக எழுதிய ஒருவரின் நாற்பதாம் நாளுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் வருகிறார்கள்.

ஈரானிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் இணைவதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். ஈரான் கிரீன்விச் நேரத்துக்கு மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை அங்கே நிறுத்திவிட்டார்கள். டொராண்டோவில் பகல் 2 மணி என்றால் தெஹ்ரானில் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

இரங்கல் குறிப்பு எழுதுதல்

பிறந்த ஆண்டில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ஈரானியப் பிறப்புப் பதிவேட்டில் சூரிய ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அந்த ஆண்டு நவ்ரூஸ் அன்று, மார்ச் 20 அல்லது 21-இல் பிறக்கிறது. நவ்ரூஸ் முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவருக்கு 621-ஐயும், ஜனவரி 1 முதல் நவ்ரூஸுக்கு முன்பு வரை பிறந்தவருக்கு 622-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1328-ஆம் ஆண்டின் பஹ்மன் (ஜனவரி-பிப்ரவரி) மாதத்தில் பிறந்தவர் என்றால் 1950. 1949 என்று போட்டால் தவறு. கல்லறைக் கல்லில் பொறிக்கப்படும் ஆண்டு இது என்பதால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

பெயரை அவரே தன் நூல்களில் எழுதிய எழுத்துக்கூட்டலில் போடுங்கள். எந்த அலையில் வெளியேறினார் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். 1979 புரட்சிக்குப் பின் வெளியேறியவர், 1980-இல் கலாச்சாரப் புரட்சி என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர், 2009 தேர்தல் போராட்டத்துக்குப் பின் வந்தவர் என்று மூவரின் கதையும் வேறு. ‘அரபு அறிஞர்’ என்று ஒருபோதும் எழுத வேண்டாம். கடலின் பெயர் பாரசீக வளைகுடா. அதைச் சுருக்கி ‘வளைகுடா’ என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. குடும்பம் பயன்படுத்தாத பட்சத்தில் ‘தியாகி’ என்ற சொல்லும் வேண்டாம். அரசு தரப்பு அந்தச் சொல்லைத் தன் ஆட்களுக்கே நாற்பது வருஷமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது.

அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதே குறிப்பின் முக்கால் பங்கை விழுங்கிவிடும். அப்படி விடாதீர்கள். அரசியல் சட்டம் பற்றியோ பெண்களின் சொத்துரிமை பற்றியோ அவர் என்ன வாதிட்டார் என்பதற்குப் பாதி இடம் கொடுங்கள். வாழ்நாளைச் செலவழித்தது அந்த வாதத்துக்காகத்தான்.

கொடி, படம், பூ

கொடியால் உடைந்த கூட்டங்கள் ஏராளம். இஸ்லாமியக் குடியரசின் கொடி இருக்கவே முடியாது. சிங்கமும் சூரியனும் உள்ள பழைய கொடியைச் சிலர் நாட்டின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். குடியரசுவாதிகளிலும் இடதுசாரிகளிலும் பலர் அதை முடியாட்சிக் கொடியாகப் பார்க்கிறார்கள். நடுவே சின்னம் இல்லாத பச்சை, வெள்ளை, சிவப்பு வைத்தாலும் இரு தரப்பும் கேள்வி கேட்கும். எந்தக் கொடியும் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. அதை அழைப்பிதழிலேயே ஒரு வரியாக அச்சிடுங்கள்: ‘குடும்பத்தின் விருப்பப்படி அரங்கில் கொடிகளும் முழக்கங்களும் தவிர்க்கப்படுகின்றன.’ வாசலில் பாரசீகம் பேசும், பொறுமையான இருவரை நிறுத்துங்கள். கொடியோடு வருபவரைத் தனியே அழைத்து, குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலானோர் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

மேடையில் ஒரு பெரிய படம், அதன் ஓர் மூலையில் குறுக்காகக் கறுப்பு ரிப்பன், இருபுறமும் வெள்ளைப் பூக்கள், மெழுகுவர்த்தி. கிளாடியோலஸ் பூவை ஈரானியத் துக்க வீடுகளில் நிறையப் பார்க்கலாம். படத்துக்கு மாலை போடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. உடை கறுப்பு.

கேமரா

ஒரே ஒரு கேமரா, மேடையை மட்டும் பார்த்தபடி. பார்வையாளர் பக்கம் திரும்பவே கூடாது. அரங்கின் ஒரு பக்கத்து வரிசைகளைப் படம் எடுக்காத பகுதி என்று அறிவித்து, அந்தப் பக்கமாகவே ஒரு கதவும் இருக்கும்படி பாருங்கள். ஈரானுக்குப் போய்வரும் நிலையில் உள்ள மாணவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். நேரலையைத் தவிருங்கள். பதிவுசெய்து, குடும்பத்தினர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வெளியிடலாம். நேரலை தவிர்க்க முடியாது என்றால், பங்கேற்பாளர் பெயர்கள் ஒருவருக்கொருவர் தெரியாத வெபினார் முறையில் நடத்துங்கள். சாதாரண ஜூம் அழைப்பில் பெயரும் முகமும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திரையில் வரிசையாக நிற்கும்.

அனுதாபப் புத்தகத்தை வாசலில் திறந்தபடி விட்டுச் செல்லாதீர்கள். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் அதுதான். ஒருவர் கையிலேயே இருக்கட்டும். முதல் பெயர் மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லுங்கள். முடிந்ததும் நேரே குடும்பத்திடம் கொடுங்கள். பி.பி.சி. பாரசீகச் சேவை, ஈரான் இன்டர்நேஷனல் போன்றவற்றின் செய்தியாளர்கள் வர விரும்பினால் குடும்பமே முடிவெடுக்கட்டும். தெஹ்ரான் பகையாகப் பார்க்கும் நிறுவனங்கள் அவை.

மேடை

ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டமிட்டால் இரண்டு மணி நேரத்தில் முடியும். பேச்சாளர் ஐந்து பேர், ஆளுக்கு 7 நிமிடம்: சக ஆய்வாளர், மாணவர், கூடப் போராடியவர், அவரோடு கருத்து மாறுபட்டவர், கடைசியாகக் குடும்பத்தினர். நான்காமவரைத் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள். ஜனநாயகத்தைப் பற்றிப் பேசியவரின் மேடையில் ஒரே தரப்பு மட்டும் உட்கார்ந்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று மைக்கைத் திறந்துவிட வேண்டாம். கோஷ்டிச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

பாரசீகப் பேச்சை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். சாரத்தை ஒரு பக்கத்தில் அச்சிட்டு நாற்காலிகளில் வையுங்கள். பாரசீகக் கவி ஹாஃபிஸின் கவிதை ஒன்றை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும். செதார் என்ற தந்தி வாத்தியம் அல்லது நெய் என்ற குழல் இசை ஐந்து நிமிடம். அவருடைய எழுத்திலிருந்தே ஒரு பத்தியைப் பாரசீகத்தில் வாசிக்க மறக்காதீர்கள்.

குடும்பத்தாரிடம் போகும்போது ‘தஸ்லியத் மீகம்’ (ஆறுதல் சொல்கிறேன்) என்றால் போதும். மதம் சாராதவர்களிடம் ‘யாதஷ் கெராமி’ (அவர் நினைவு போற்றப்படட்டும்) பொருந்தும். அவர்கள் கை நீட்டாவிட்டால், வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள்.

அல்வா

துக்க வீட்டில் அல்வாவும் பேரீச்சையும் பாலில்லாத தேநீரும் இருந்தாக வேண்டும். இந்த அல்வா கேசரியைவிட மென்மையாக, தட்டில் கரண்டியால் தடவும் பதத்தில் இருக்கும். 20 முதல் 25 பேருக்கு: மைதா 250 கிராம், வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 375 மில்லி, பன்னீர் (ரோஜா நீர்) 80 மில்லி, பொடித்த குங்குமப்பூ கால் தேக்கரண்டி, ஏலப்பொடி ஒரு தேக்கரண்டி.

பாகை முதலில் தயார் செய்யுங்கள். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறிய குங்குமப்பூ, ஏலம், பன்னீர் மூன்றையும் சேர்க்க வேண்டும். பன்னீரை அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் மணம் ஆவியாகிவிடும். கம்பிப் பதம் வரை காய்ச்சக் கூடாது. அல்வா ஆறியதும் இறுகிவிடும்.

அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் மாவை வெறுமனே 10 நிமிடம் வறுத்து, சலித்து, வெண்ணெய் சேர்த்து இன்னும் 15 முதல் 20 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பச்சை மாவு வாசனை. பிறகு அது போய் வறுத்த முந்திரி மணம் வரும். நிறம் பட்டை நிறத்துக்கு மாறும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் கசப்பு ஏறும், சர்க்கரையால் அதை மறைக்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கி, வெதுவெதுப்பான பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், நீளக் கைக் கரண்டி வேண்டும். மீண்டும் சிறு தீயில் வைத்துக் கிளறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். தட்டையான தட்டில் பரப்பி, கரண்டி முதுகால் ஓரங்களை அழுத்திக் கோலமிட்டு, பாதாம், பிஸ்தா சீவல் தூவுங்கள். 60 பேருக்கு ஒரே பாத்திரத்தில் செய்ய முயன்றால் அடி கருகி மேல் மாவு பச்சையாக நிற்கும். மூன்று ஈடாகப் போடுங்கள்.

பேரீச்சையில் கொட்டையை எடுத்து, வால்நட் துண்டு வைத்து, பட்டைத் தூள் தூவினால் போதும். ஆளுக்கு மூன்று.

காகிதங்கள்

கூட்டம் முடிந்த மாதத்திலேயே அலுவலக அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். எதையும் தூக்கிப்போடாதீர்கள், கேசட்டுகள், துண்டறிக்கைகள், கைப்பட எழுதிய பாடக் குறிப்புகள் உட்பட. ஆம்ஸ்டர்டாமின் சர்வதேசச் சமூக வரலாற்று நிறுவனம் ஈரானிய அரசியல் ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. அவர் பணியாற்றிய பல்கலைக்கழக நூலகத்தையும் கேட்கலாம். புகைப்படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால், இருப்பவர்களின் பெயரை அவர்களை அறிந்த மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த மூத்தவர்களுக்கும் வயதாகிறது என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடிதங்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஈரானுக்குள் இருந்து எழுதியவர்களின் பெயர், முகவரி, சிறையில் இருப்பவர்கள் பற்றிய விவரம் அவற்றில் இருக்கும். அவற்றை ஒப்படைக்கும்போது, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெட்டிகளின் உள்ளடக்கப் பட்டியலையும் இணையத்தில் ஏற்றக் கூடாது என்று அதே தாளில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்; பட்டியலில் கடிதம் எழுதியவரின் பெயர் இருந்துவிட்டால், பெட்டியைப் பூட்டி வைத்தும் பயனில்லை.