முதலில் நாற்காலி, கடைசியில் பென்சில்: எழுதச் சிரமப்படும் மாணவருக்கு வகுப்பறையில் செய்ய வேண்டியவை

எழுதத் திணறும் குழந்தைக்குப் பெரும்பாலும் முதலில் வாங்கித் தரப்படுவது பென்சிலில் மாட்டும் ரப்பர் கிரிப். கடைசியாக யோசிக்க வேண்டியது அதுதான். விரல்கள் நுணுக்கமாக அசைய மணிக்கட்டு ஆடாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டுக்குத் தோளும், தோளுக்கு இடுப்பும், இடுப்புக்குப் பாதமும் ஆதாரம். கால் தொங்கியபடி உட்கார்ந்திருக்கும் குழந்தை விழாமல் இருப்பதற்கே பலத்தைச் செலவழிக்கிறது. எழுத மிச்சம் இருப்பதில்லை.

எதையும் மாற்றும் முன் ஓர் அளவு எடுத்துவிடுங்கள். பழகிய பாடத்தின் சில வரிகளை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து 5 நிமிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மொத்த எழுத்துகள் எத்தனை, அவற்றில் படிக்க முடிந்தவை எத்தனை என்று எண்ணிக் குறித்துவையுங்கள். எண்ணுபவர் அந்தக் குழந்தையின் கையெழுத்துக்குப் பழகாதவராக இருப்பது நல்லது. வகுப்பாசிரியரின் கண் கிறுக்கலையும் படித்துவிடும். இன்னொரு நாள் இதையே கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்தால் நன்றாக வந்து, பலகையைப் பார்த்தால் மட்டும் குழம்பினால் கையைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் கண் பரிசோதனை.

இனி இருக்கை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கி, இரு பாதங்களும் தட்டையாக ஊன்றியிருக்க வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் குழந்தை சரிந்து உட்காரும்; முதுகுக்குப் பின்னால் கெட்டியான மெத்தை வைத்தால் சரியாகும். கால் எட்டாவிட்டால் பழைய செய்தித்தாள்களை இறுக்கிக் கட்டி டேப் சுற்றிய கட்டே நல்ல கால்பலகை. அது நழுவினால் குழந்தை இரண்டே நாளில் ஒதுக்கித் தள்ளிவிடும். அடியில் வழுக்காத விரிப்புத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள்.

மேசையின் உயரம், கையைத் தொங்கவிட்டு மடக்கும்போது முழங்கை இருக்கும் இடத்தைவிட 2 முதல் 5 செ.மீ. மேலே. அதைவிட உயர்ந்தால் தோள் காதுவரை ஏறி, கை சீக்கிரம் வலிக்கும். தாழ்ந்தால் முதுகு கூனி, தலை நோட்டில் கவிழும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், தசை இறுக்கம் உள்ளவருக்கும் இந்த அளவுகளின்படி நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

தாளை நேராக வைக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம். எழுதும் கைப்பக்கத்து மேல்மூலை உயரும்படி 20 முதல் 30 டிகிரி சாய்த்து, அந்தக் கைப்பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். இடக்கைக்காரருக்கு இது மிக முக்கியம். நேரான தாளில் எழுதும் இடக்கை, எழுதியதையே மறைக்கும். அதனால்தான் மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்துக்கொள்கிறார்கள். சரியான சாய்வு எது என்று மறந்துபோகும் குழந்தைக்கு மேசையிலேயே வண்ண டேப்பில் கோடு ஒட்டிவிடுங்கள். மணிக்கட்டு உள்பக்கம் மடிந்தே இருந்தால் சுமார் 20 டிகிரி சாய்பலகை உதவும். தடித்த ரிங் ஃபைலைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாலே போதும்.

பிடிப்பு விஷயத்தில் பதற்றம் வேண்டாம். மூன்று விரல் பிடிப்பு மட்டுமே சரி என்பது பழைய எண்ணம். நான்கு விரல் பிடிப்பும், கட்டைவிரல் பென்சிலைக் குறுக்கே கடந்து நிற்கும் பிடிப்பும் வேகத்திலோ தெளிவிலோ குறைந்தவை அல்ல. வலி, சீக்கிரம் சோர்வு, படிக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் கைவையுங்கள். சிறு குழந்தைக்கு 3, 4 செ.மீ. நீளத்தில் ஒடித்த கிரேயான் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க அதில் இடமே இருக்காது. மென்மையாக எழுதுபவருக்கு 2பி பென்சில். காகிதம் கிழிய அழுத்துபவருக்குத் தாளின் அடியில் மெல்லிய ஃபோம் வையுங்கள். ஓட்டை விழும்போது அழுத்தம் அதிகம் என்று கைக்கே தெரியும்.

எழுத்துக்கு இப்போதுதான் வருகிறோம். கண்மட்டத்தில் செங்குத்தான பலகையில் பெரிதாகத் தொடங்கினால் தோளும் மணிக்கட்டும் தாமாகவே சரியான நிலைக்கு வரும். எழுத்துகளை ட, ப, ம என்ற வரிசையில் தொடங்குங்கள். அதற்குக் காரணம் உண்டு: 'கீழே இறங்கு, வலப்பக்கம் போ' என்றால் ட, அதோடு 'மேலே ஏறு' என்றால் ப, பிறகு ஒரு வளைவு சேர்ந்தால் ம. சுழி நிறைந்த ஞ, ண, ழ எல்லாம் பின்னால் வரட்டும். கெ, கொ எழுதும்போது கொம்பை விட்டுவிட்டால் அதைக் கைக்கோளாறு என்று குறிக்காதீர்கள். காதில் பின்னால் கேட்கும் உயிரொலியை எழுத்தில் முன்னால் போட வேண்டியிருப்பதால் வரும் தடுமாற்றம் அது.

களிமண் பிசைவதும் மணி கோர்ப்பதும் நல்லவைதான். ஆனால் அவை மட்டுமே கையெழுத்தைத் திருத்தாது. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எழுதும் பயிற்சியே இல்லாத சிகிச்சைகளும், 20 அமர்வுகளுக்குக் குறைந்தவையும் பலன் தரவில்லை என்று கண்டது. வாரம் மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் என்றால் 20 அமர்வுகளை எட்ட ஏழு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று கைவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

துள்ளிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு, பயிற்சிக்கு முன் 3 நிமிடம் சுவரைத் தள்ளச் செய்யலாம், புத்தகக் கட்டைச் சுமக்கச் சொல்லலாம். சத்தம் அதிகமானால் காதுமூடி கொடுங்கள். குழந்தையை அமைதிப்படுத்தும் என்று சொல்லப்படும் எடைபோட்ட மேலங்கியை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். அதற்கான சான்று பலவீனமானது.

பயிற்சி முடியட்டும் என்று சலுகைகளைத் தள்ளிப்போடாதீர்கள். கை தேறும்வரை அறிவியல் பாடம் காத்திருக்க முடியாது: பலகையில் உள்ளதை அச்சிட்டுக் கொடுங்கள், விடையை வாயால் சொல்ல விடுங்கள், தேர்வில் கூடுதல் நேரமோ எழுத உதவியாளரோ கேளுங்கள். தட்டச்சு செய்ய வைப்பதாக இருந்தால் அதையும் தனியே சொல்லித்தர வேண்டும். பழகாத விசைப்பலகை பென்சிலைவிட மெதுவாகத்தான் ஓடும்.