புது விதி வந்துவிட்டதா? கெஜட்டை நாமே எடுத்துப் பார்ப்பது எப்படி

2025 ஜனவரியில் ஒரு சாயங்காலம். தில்லி ஆர்.கே.புரம் மலைமந்திரில் தரிசனம் முடித்துப் படியிறங்கும்போது, எங்கள் குடியிருப்பு அக்கா ஒருவர் ஃபோனை நீட்டினார். "18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்க எந்த ஆப்பைத் திறந்தாலும் அம்மா அப்பா ஆதார் கொடுக்கணுமாம். நாளையிலேர்ந்து அமல்னு போட்டிருக்கு. நிஜமா?" அவர் பையன் அப்போது பத்தாம் வகுப்பு. டியூஷனே ஆப்பில்தான்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அரசிதழை, அதாவது கெஜட்டை, எடுத்துப் பார்த்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்குக் காட்டிய அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கெஜட்? 1923-ல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டு அபின் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதை எங்கேயும் வெளியிடவில்லை. பின்னால் அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களுக்குத் தெரியப்படுத்தாத சட்டத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 1951-ல் தீர்ப்பு வந்தது. ஆகவே ஒரு விதி வந்துவிட்டதா என்ற கேள்விக்கு டி.வி.யும் வாட்ஸ்அப்பும் பதிலாகாது. கெஜட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

படி 1: யார் போட்ட விதி?

தில்லியில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம். மத்திய அரசும் இங்கே, தில்லி அரசும் இங்கே. நிலமும் போலீசும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. டி.டி.ஏ. என்னும் தில்லி வளர்ச்சி ஆணையமும் அதன் கீழேதான் வருகிறது. அதனால் நகர வளர்ச்சிக்கான மாஸ்டர் பிளான் திருத்தத்தை இந்திய அரசிதழில் தேட வேண்டும். தில்லி அரசின் துறைகள் போடுவது தில்லி அரசிதழில் வரும். அக்கா காட்டியது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விஷயம். சரி, இந்திய அரசிதழ்.

படி 2: தளத்தில் தேடுங்கள்

கூகுளில் இ-கெஜட் என்று தேடினால் அரசுத் தளம் வரும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 2015 அக்டோபர் 1 முதல் மத்திய அரசிதழை அச்சடிப்பதில்லை. இந்தத் தளத்தில் ஏறுவதுதான் அதிகாரபூர்வமான பிரதி. பணம் கட்ட வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

தேடும் இடத்தில் அமைச்சகத்தையும் மாதத்தையும் கொடுத்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். வார இதழ், சிறப்பிதழ் என்று இரண்டு வகை காட்டும். அவசர விதிகளும் முக்கிய அறிவிக்கைகளும் சிறப்பிதழில்தான் வரும். அதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 3: முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

பி.டி.எஃப். திறந்ததும் முழுக்க இந்தியில் இருப்பதைப் பார்த்துப் பலர் மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். முதல் பாதி இந்தி, அப்படியே கீழே போனால் அதே விஷயம் ஆங்கிலத்தில் இருக்கும்.

மேலே நான்கு சிங்கச் சின்னம். அதையொட்டி 'சிஜி-டிஎல்-இ' என்று தொடங்கும் ஒரு நீண்ட எண். சிஜி என்றால் மத்திய அரசு, டிஎல் தில்லி, இ என்றால் சிறப்பிதழ். அடுத்து வரும் எட்டு இலக்கம் வெளியான தேதி. அக்காவின் ஃபோனில் அது 03012025 என்று இருந்தது, அதாவது 2025 ஜனவரி 3. கீழே அதே தேதி, அரசின் தேசிய நாள்காட்டியான சக ஆண்டுக் கணக்கிலும் இருக்கும்: பௌஷ 13, 1946. யாராவது கெஜட் என்று சொல்லி ஒரு படம் அனுப்பினால் இந்த நீண்ட எண்ணைத் தளத்தில் போட்டுத் தேடுங்கள். வரவில்லையென்றால் அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

பகுதி எண்ணும் உதவும். பகுதி 2, பிரிவு 1 என்றால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். பிரிவு 3-ல் வருபவை அமைச்சகங்களின் விதிகளும் ஆணைகளும். விதிக்கு 'ஜி.எஸ்.ஆர்.' என்றும் ஆணைக்கு 'எஸ்.ஓ.' என்றும் எண் கொடுத்திருப்பார்கள். யு.ஜி.சி., செபி போன்ற அமைப்புகளின் ஒழுங்குமுறைகள் பகுதி 3, பிரிவு 4-ல் வரும்.

படி 4: வரைவா, இறுதியா?

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஆங்கிலப் பகுதியின் முதல் பத்தியைப் படியுங்கள். 'டிராஃப்ட்' என்ற சொல்லும், இன்ன தேதிக்குப் பிறகு பரிசீலிக்கப்படும் என்ற வாசகமும் இருந்தால் அது வரைவு. யாரையும் இன்னும் கட்டுப்படுத்தாது. உங்கள் ஆட்சேபத்தைச் சொல்லத்தான் வெளியிட்டிருக்கிறார்கள். இப்படி முன்கூட்டி வெளியிட வேண்டிய விதிகளுக்கான நடைமுறை 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 23-வது பிரிவில் இருக்கிறது.

நாங்கள் பார்த்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு. கருத்துச் சொல்ல பிப்ரவரி 18 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். பிறகு அதை மார்ச் 5 வரை நீட்டினார்கள். ஆதார் கட்டாயம் என்றும் அதில் இல்லை. பிள்ளையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், சம்மதம் தருபவர் வயதுவந்தவர்தானா என்று நிறுவனம் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை வைத்தோ, டிஜிலாக்கர் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) போன்ற வழியிலோ அதைச் செய்யலாம். அக்காவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

இறுதி விதி என்றால் எப்போது அமல் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் முதல் விதியிலேயே இருக்கும். வெளியான அன்றே எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன விதிகள் 2025 நவம்பரில் இறுதியாக வந்தன. சில உடனே, சில ஓராண்டில், பெற்றோர் சம்மதம் உட்பட மற்றவை 18 மாதம் கழித்து. அப்படிப் பார்த்தால் 2027 மே. அக்காவின் பையன் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பே முடித்துவிடுவான்!

படி 5: ஆட்சேபம் எழுதுங்கள்

எங்கே அனுப்ப வேண்டும் என்பது அந்த வரைவிலேயே இருக்கும்: ஒரு முகவரி, மின்னஞ்சல் அல்லது அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் மைகவ் தளம். ஒரு பக்கம் போதும். எந்த விதி எண், அதில் எந்த வரி, அதனால் உங்களுக்கு என்ன சிரமம், எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். 'இந்த விதியே வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி அதை எங்கே பொருத்துவார்? 'விதி 10-ல் இந்த இடத்தில் இந்தச் சொல்லைச் சேருங்கள்' என்றால் பரிசீலிக்க ஒரு பொருள் கிடைக்கிறது. தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நாள் எண்ணும்போது கவனம். சில வரைவுகளில் தேதியே கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் 30 நாள் அல்லது 60 நாள் என்று இருக்கும். அரசிதழ் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வழக்கமாக அதிலேயே எழுதியிருப்பார்கள்.

இனி மொழி. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தபோது, இதே ஊரில் உள்ள உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று தலையிட்டது. கருத்துச் சொல்லும் நாளை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்கச் சொன்னது. அட்டவணையில் தமிழும் உண்டு. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் எல்லா வரைவும் தமிழில் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பாதிக்கும் வரைவு ஒன்று கண்ணில் பட்டால், அந்த முக்கியமான இரண்டு பத்தியைத் தமிழில் எழுதி, நீண்ட எண்ணையும் கடைசித் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அரை மணி நேர வேலை.