நாஸ் பேக்கப்பின் பாஸ்வேர்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி. தினமும் ராத்திரி தானாக ஓடும் பேக்கப், அந்தப் பெட்டிக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டு வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்து டைப் செய்யப்போவதில்லை என்பதால், அது கணினியில் எங்காவது எழுதப்பட்டே இருக்கும். பெரும்பாலான தவறுகள் அந்த இடத்தில்தான் நடக்கின்றன.

லினக்ஸில் அடிக்கடி நடப்பது, எந்த டிரைவை எங்கே இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், நாஸை இணைக்கும் (மவுன்ட்) வரியிலேயே பாஸ்வேர்டையும் எழுதிவிடுவது. அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் வழக்கமாக அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம். அதற்குப் பதிலாக யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் தனிக் கோப்பில் இரண்டு வரியாக எழுதி, உரிமையாளராக ரூட்டை (முழு அதிகாரம் உள்ள கணக்கு) வைத்து, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்குங்கள். எஃப்எஸ்டேப்பில் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும். பேக்கப் ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டை எழுதி, நிரலின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட்டில் ஏற்றியிருந்தால், அந்த வரியை அழிப்பது போதாது. பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும், பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும்.

சரி, கோப்பைப் பூட்டியாயிற்று. ஆனாலும் ரூட் வரை நுழைந்தவர் அதைப் படித்துவிடுவார். அதனால்தான் பேக்கப்புக்கு நாஸின் அட்மின் கணக்கையே கொடுப்பதை எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். விண்டோஸில் நாஸை இசட் டிரைவாக இணைத்து, பாஸ்வேர்டையும் சேமித்து வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியவே தேவையில்லை. திறந்திருக்கும் டிரைவில் உங்கள் பெயரிலேயே எழுதிவிடும். அசலோடு பேக்கப்பும் போகும்.

பேக்கப்புக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கி, ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அன்றாடக் கணக்குக்கு அங்கே எழுதும் உரிமை வேண்டாம். நாஸில் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பேக்கப் யூசரால் அவற்றை அழிக்க முடியாது. அழிக்கக்கூடிய அட்மின் பாஸ்வேர்டு கணினியில் இருக்கவே கூடாது. இதைவிட நல்ல வழி, நாஸே கணினியிலிருந்து கோப்புகளை இழுத்துக்கொள்வது. அப்போது கணினியில் நாஸின் பாஸ்வேர்டே தேவைப்படாது.

2019 ஜூலையில் நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாஸ் பெட்டிகளைத் தாக்கியவர்கள் மென்பொருள் ஓட்டை எதையும் தேடவில்லை. அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக ஊகித்து நுழைந்து, கோப்புகளைப் பூட்டினார்கள். ஆகவே வேறு பெயரில் நிர்வாகி ஒருவரை உருவாக்கிவிட்டு, ‘அட்மின்’ கணக்கை முடக்குங்கள். நாஸின் லாகின் பக்கத்தை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். இரண்டு படி சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் அது பிரவுசர் வழியாக நுழைபவரைத்தான் தடுக்கும். கணினி நாஸின் ஃபோல்டரைத் திறக்கப் பயன்படுத்தும் எஸ்எம்பி இணைப்பில் இரண்டாவது படி கிடையாது. பேக்கப் யூசரின் பாஸ்வேர்டு நீளமாகவும், வேறெங்கும் பயன்படுத்தாததாகவும் இருக்க வேண்டியது இதனால்தான்.

அப்புறம், பேக்கப்பை என்கிரிப்ட் செய்தவர்கள் அதன் சாவியை அதே கணினியிலோ அதே நாஸிலோ மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு பிரதியைத் தாளில் எழுதி வேறு வீட்டில் வையுங்கள்.