ஓடும் மென்பொருளில் அட்டவணை அமைப்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, இந்திய வணிகர்களின் பில்லிங் மென்பொருளில் 11 இலக்க வாட் பதிவெண் இருந்த இடத்தில் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் தேவைப்பட்டது. தரவுத்தள அட்டவணையில் அந்தப் பதிவெண் இருந்த பழைய நெடுவரிசையின் பெயரை மாற்றி, அகலத்தைக் கூட்டி, புதிய எண்ணை அதிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதைவிடக் கேடான வழி வேறில்லை. ஜூன் மாத பில்லை மறுபடி அச்சிட நேர்ந்தால் அதற்குரிய பழைய எண் இருக்காது; அதோடு, இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடும் கவுன்ட்டர் கணினி பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல், வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே நின்றுவிடும்.

நிரலும் அட்டவணையும் ஒரே நொடியில் மாறுவதில்லை என்பதை மறப்பதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். ஆகவே புதிய நெடுவரிசையை, வெற்று மதிப்பை ஏற்கும்படி, பழையதன் அருகிலேயே சேர்க்க வேண்டும். எல்லாக் கணினிகளும் புதிய பதிப்புக்கு வந்து, விடுபட்ட மதிப்புகளைச் சில ஆயிரம் வரிசைகளாகப் பிரித்து நிரப்பிய பிறகுதான், வெற்றாக விடக்கூடாது என்ற கட்டாய விதியைப் போட வேண்டும்.

‘ஒரு நெடுவரிசைதானே, நொடியில் முடிந்துவிடும்’ என்று வேலை நேரத்தில் கட்டளையை இடுவது அடுத்த தவறு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் நெடுவரிசை சேர்க்கும் கட்டளை அட்டவணை முழுவதற்கும் பூட்டுக் கேட்கும்; அதாவது, அந்த நேரத்தில் வேறு எவரும் அதைப் படிக்கவோ எழுதவோ முடியாது. நீண்ட அறிக்கை ஒன்று அந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால் கட்டளை காத்திருக்கும்; அதற்குப் பின் வரும் சாதாரண வாசிப்புகளும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குச் சில நொடி வரம்பு வைத்து, கிடைக்காவிட்டால் விலகிப் பிறகு முயல்வதே முறை.

மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அமைப்பை மாற்றும் கட்டளை, அதுவரை செய்தவற்றையும் சேர்த்து உறுதிசெய்துவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது. எனவே மாற்றத்துக்கு முன் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்திருப்பது அவசியம்.

பழைய நெடுவரிசையை நீக்க அவசரப்பட வேண்டாம். மூன்று மாதமாக யாரும் தொடாததை மார்ச் 31-க்குப் பிந்தைய ஆண்டுக் கணக்கு அறிக்கை ஒரே ஒரு முறை தேடக்கூடும்.