ஒரே சீரியல் கேபிளில் பல டெர்மினல்கள்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டில் நெட்வொர்க் வேலை செய்யவில்லை, உள்ளே போக சீரியல் கேபிள் ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் லாக் (நடப்பதைப் பதிவு செய்யும் வரிகள்) ஓட வேண்டும், இன்னொரு பக்கம் கட்டளை அடிக்க வேண்டும். அப்போது இரண்டாவது கேபிளைத் தேட வேண்டாம். போர்டில் டிமக்ஸ் (tmux) இருந்தால் போதும்; ஒரே டெர்மினலுக்குள் பல ஜன்னல்களைத் திறக்கும் மென்பொருள் அது.

லாகின் செய்ததும் டிமக்ஸைத் தொடங்குங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி விட்டு, சி (c) அடித்தால் புதிய ஜன்னல். அதேபோல் கன்ட்ரோல்-பிக்குப் பிறகு என் (n) அடித்தால் அடுத்த ஜன்னல். நடுவில் லாகின் அறுந்தாலும் உள்ளே ஓடும் வேலை நிற்காது. திரும்ப வந்து 'டிமக்ஸ் அட்டாச்' (tmux attach) கொடுத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே டிமக்ஸ் பிடிக்கும்.

ஸ்கிரீன் (screen) என்ற இன்னொரு மென்பொருளும் இதையெல்லாம் செய்யும். ஆனால் உங்கள் கணினியிலிருந்து மினிகாம் (minicom) என்ற சீரியல் இணைப்பு மென்பொருள் வழியாக இணைந்திருந்தால், ஸ்கிரீன், மினிகாம் இரண்டுக்கும் கட்டளைச் சாவி கன்ட்ரோல்-ஏ தான், ஒன்றோடொன்று மோதும்.

அப்புறம், திரை அளவு. உங்கள் கணினியில் திறந்திருக்கும் டெர்மினல் ஜன்னல் எவ்வளவு பெரியது என்பதை சீரியல் லைன் போர்டுக்குத் தானாகச் சொல்லாது. திரை கலைந்து தெரிந்தால், டிமக்ஸுக்கு முன்பே எஸ்டிடிஒய் (stty) என்ற, டெர்மினல் அமைப்பை மாற்றும் கட்டளையில் வரிசை, பத்தி எண்ணிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

வேகத்தையும் கவனியுங்கள். 9600 பாடில் (பாட் என்பது சீரியல் லைனின் வேக அளவு) வினாடிக்கு சுமார் 960 எழுத்துகள்தான் போகும். 80 பத்தி, 24 வரி கொண்ட திரையை முழுதாக வரைய 2 வினாடி ஆகும். 115200 வைத்தால் கால் வினாடிகூட ஆகாது. வேகத்தைக் கூட்ட முடியாத பழைய கருவி என்றால், டிமக்ஸின் கீழ்ப்பட்டையை அணைத்துவிட்டு, திரையைப் பிரிக்காமல் முழு ஜன்னல்களாகவே மாற்றி மாற்றிப் பாருங்கள்.