சாப்பாடு வைக்கும் உங்களிடம் பூனை என்ன சொல்கிறது? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கத்திக்கொள்வது குறைவு. குட்டி தாயைக் கூப்பிடும் குரல் அது; பெரிதான பிறகு நம்மிடம் காட்டுகிறது. எந்தச் சத்தத்துக்கு நீங்கள் எழுந்து வருகிறீர்களோ, அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் வீட்டுக்கு வீடு பூனையின் பேச்சு மாறும். உங்கள் பூனையைக் கவனித்துத்தான் கற்க வேண்டும்.

படி 1: முதலில் வால்
நிமிர்ந்த வாலோடு, நுனி லேசாக வளைந்து வந்தால் அது நட்பான வரவேற்பு. வாலைப் படபடவென்று அடித்தால் கையை எடுத்துவிடுங்கள்.

படி 2: உரசல்
கன்னம், தாடை, வால் அடி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. காலில் உரசும்போது தன் வாசனையை உங்கள்மேல் பூசுகிறது. பசி இல்லாதபோதும் உரசும், உடனே கிண்ணத்தை நிரப்ப வேண்டியதில்லை.

படி 3: சத்தத்தை எழுதி வையுங்கள்
இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு வாரம், கத்தும்போதெல்லாம் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எங்கே நின்றது, எதைப் பார்த்தது, என்ன கிடைத்ததும் அடங்கியது. கிண்ணத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வரும் குட்டை மியாவும், மூடிய கதவைப் பார்த்து இழுக்கும் நீள மியாவும் ஒன்றல்ல என்று சீக்கிரமே காதுக்குப் பிடிபடும்.

குர்குர் சத்தத்தையும் கவனியுங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாப்பாடு கேட்கும் குர்குருக்குள் குழந்தை அழுகையை ஒத்த கீச்சுக்குரல் கலந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் கேட்டதாம். வலியிலும் பூனை குர்குர் என்னும்; எப்போதும் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: பதில் சொல்லுங்கள்
சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டுங்கள். பல பூனைகள் திருப்பிச் சிமிட்டும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த உரையாடல்.

விடியுமுன் கத்தி எழுப்பினால் அப்போது சாப்பாடு வைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். முதலில் கத்தல் கூடலாம், பிறகு குறையும்.

படி 5: மாற்றம் தெரிந்தால்
அமைதியான பூனை திடீரென ஓயாமல் கத்தினாலோ, கிண்ணத்தருகே வந்தும் சாப்பிடாமல் திரும்பினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் அலறினால் அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.