ஹாம்பர்க் பங்கர் தோட்டம்: முதல்முறை ஏறுபவர்களுக்கு வழிகாட்டி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸாங்க்ட் பவுலி பகுதியில், நாஜிகள் 1942இல் கட்டிய விமான எதிர்ப்புப் பீரங்கிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. குண்டுவீச்சின்போது மக்கள் ஒதுங்கும் கான்கிரீட் பதுங்குமிடமாகவும் இருந்ததால் இதைப் ‘பங்கர்’ என்கிறார்கள். 2024 ஜூலை முதல் அதன் உச்சி பொதுத் தோட்டம். கட்டணம் கிடையாது. லிஃப்டில் நேரே மேலே போய் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் வெறும் மொட்டை மாடியைத்தான் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுவரைச் சுற்றி நடந்து ஏறினால்தான் கோபுரம் புரியும்.

1. நாளும் நேரமும்

வழக்கமாகக் காலை 9 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். புயல்காற்றும் உறைபனியும் உள்ள நாட்களில் பாதையை மூடிவிடக்கூடும், அதனால் கிளம்பும் முன் இணையதளத்தைப் பாருங்கள். கோபுரத்தின் அடியில் உள்ள ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்ட் மைதானத்தில் ஆண்டுக்கு மூன்று முறை, வசந்தம், கோடை, குளிர்காலத்தில், ‘டோம்’ என்ற பொருட்காட்சி நடக்கும். பக்கத்திலேயே மில்லர்ன்டோர் கால்பந்து மைதானமும் உண்டு. ஆட்ட நாளில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவதே பெரும்பாடு. வாரநாள் காலைதான் உத்தமம்.

குளிர்காலத்தில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். மாலைக் காட்சி வேண்டுமென்றால் மூன்று மணிக்குள் ஏறத் தொடங்குங்கள்.

2. போய்ச் சேருதல்

ஹாம்பர்க் மத்திய ரயில் நிலையத்தின் தெற்குப் பக்கம் யு3 என்ற மெட்ரோ ரயில் ஏறி, ஏழாவது நிறுத்தமான ஃபெல்ட்ஷ்ட்ராஸேயில் இறங்குங்கள். வழக்கமாகத் தவறுவது இங்கேதான்: யு3 வளையமாக ஓடும் தடம். எதிர்த்திசையில் ஏறினாலும் வந்து சேரலாம், ஆனால் ஊரைச் சுற்றிக்கொண்டு. லாண்டுங்ஸ்ப்ருக்கன் என்ற துறைமுக நிறுத்தம் வழியாகப் போகும் ரயில்தானா என்று பலகையில் பாருங்கள். அந்தத் திசையில் ரயில் மேம்பாலத்தில் துறைமுகத்தை ஒட்டி ஓடும். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள்.

நிலையத்தில் தடுப்பு வாயில் இல்லை என்பதால் டிக்கெட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பரிசோதகரிடம் மாட்டினால் 60 யூரோ அபராதம்.

3. ஏறும் முன் கீழே நில்லுங்கள்

பத்து நிமிடமாவது கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 மீட்டர் அகலம். சுவரின் கனம் 3.5 மீட்டர் வரை. உச்சிக்குச் சற்றுக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேடைகள் சிறு பீரங்கிகளுக்கானவை. பெரியவை மேலே நான்கு மூலைகளில் நின்றன. கட்டாயத் தொழிலாளர்களை வதைத்து, சுமார் 300 நாட்களில் எழுப்பியது இது. 1943 ஜூலையில் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பல்லாயிரம் பேர் இதற்குள் நெருக்கியடித்து ஒதுங்கினார்கள்.

போருக்குப் பிறகும் இடிக்காததற்குக் காரணம் கருணை அல்ல. இத்தனை கனமான கான்கிரீட்டை வெடிவைத்துத் தகர்த்தால் சுற்றியுள்ள வீடுகளும் போய்விடும். இதற்குத் துணையாக நின்ற, ரேடார் வைத்திருந்த சிறிய கோபுரம் 1970களில் இடிக்கப்பட்டது. 1952இல் வடமேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு இந்தப் பங்கருக்குள்ளிருந்துதான் தொடங்கியது. பின்னாளில் இசைக்கூடங்கள் வந்தன.

4. ஏறுதல்

‘மலைப்பாதை’ என்று பெயரிட்ட வெளிப்பாதை 500 மீட்டருக்கும் மேல் நீளம், 300க்கும் அதிகமான படிகள். நிதானமாக 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் லிஃப்டில் ஏறிவிட்டு நடந்து இறங்க நினைப்பார்கள். முட்டிக்கு இறக்கம்தான் அதிகப் பாரம். இரண்டுக்கும் லிஃப்டே மேல்.

சுமார் 38 மீட்டரில் பழைய கட்டடம் முடியும். அதன்மேல் ஐந்து தளங்கள் படிக்கட்டுபோல் அடுக்கியிருப்பதால் மொத்த உயரம் 58 மீட்டர். ஒரு ஹோட்டலும் அரங்கும் இந்தப் பகுதியில்தான். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நின்று கீழே உள்ள சுவரையும் மேலே உள்ள செடிகளையும் ஒருசேரப் பாருங்கள். உச்சிக் காட்சியைவிட இதுதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

கோடையிலும் காற்றுத்தடுப்பு மேலாடை எடுத்துச் செல்லுங்கள். கீழே இதமாக இருந்தாலும் மேலே ஒதுங்க மறைப்பு குறைவு. குடை வேண்டாம், திருப்பிக்கொள்ளும்.

5. நேரம் மிச்சமிருந்தால்

எல்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் வில்ஹெல்ம்ஸ்பர்க்கில் இதே வகைக் கோபுரம் இன்னொன்று உண்டு. 1947இல் பிரிட்டிஷ் படை அதன் உள்தளங்களைத் தகர்த்தது. வெளிச்சுவர்க் கூடு மட்டும் நின்றது. இப்போது அதற்குள் 20 லட்சம் லிட்டர் வெந்நீர்த் தொட்டி வைத்துச் சுற்றுப்புற வீடுகளுக்கு வெப்பம் அனுப்புகிறார்கள். அங்குள்ள மாடிக் கஃபே எல்லா நாளும் திறப்பதில்லை. கஃபே மூடியிருந்தால் மேலே போக முடியாது. நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.